கேமரா எவ்வளவு கிட்டே வரும்? – குறும்படப் ப்ராப்பர்ட்டியும் பெயிண்டும்

குறும்படம் எடுக்கிற மாணவர்களில் ஆர்ட் வேலையை, அதாவது காட்சியில் வரும் பொருள்களை (சினிமாக்காரர் சொல்லும் ‘ப்ராப்பர்ட்டி’) தயார் செய்கிற வேலையை, ஏற்றுக்கொள்பவர் முதல் வேலையாகப் பெயிண்ட் கடைக்கு ஓடுகிறார். காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்து ‘ஷாட் டிவிஷன்’ எழுதி வைத்திருக்கும் இயக்குநரிடம்தான் முதலில் போக வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விவரம் தெரியாமல் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. கேமரா அதற்கு எவ்வளவு கிட்டே வரும்? கதை நடக்கிற நாளில் அந்தப் பொருளுக்கு என்ன வயது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் அடித்த பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் படத்தில் பொய்யாகத்தான் தெரியும்.

பேச வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். 1975 வாக்கில் ஒரு சிற்றூர். அண்ணன் தம்பிக்குள் வயல் தகராறு. 15 நிமிடப் படம். இரவோடு இரவாகப் பிடுங்கி நகர்த்தப்படும் ஓர் எல்லைக்கல், ஓர் அரிவாள், பத்திரம் வைத்த டிரங்குப் பெட்டி, கடைத்தெருக் காட்சிக்கு ஒரு மளிகைக் கடைப் போர்டு. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் எடுக்கிற படங்களில் பாதிக்கு இந்த அளவு பட்டியல்தான் இருக்கும்.

முதலில் தூரம். கிளோசப்பில் வருகிற பொருளையும் நடிகர் கையில் பிடிக்கிற பொருளையும் ஒரு கூடையில் போடுங்கள். ஆளுக்குப் பக்கத்தில் மிட் ஷாட்டில் நிற்பவை இரண்டாவது. பின்னால் மங்கலாகக் கிடப்பவை மூன்றாவது. நேரத்தில் முக்கால்வாசி முதல் கூடைக்குப் போக வேண்டும். மாணவர் படங்களில் நடப்பது தலைகீழ்: சுவரோரம் கிடக்கும் பத்துப் பானைக்கு ராத்திரி முழுக்க வேலை நடக்கும், கிளோசப்பில் வரும் பத்திரத்தைக் காலையில் லொக்கேஷனில் உட்கார்ந்து எழுதுவார்கள். தூரத்தைப் பொறுத்து பெயிண்டின் அழுத்தமும் மாறும். வைடு ஷாட்டில் மெல்லிய அழுக்கு கேமராவுக்குத் தெரியவே தெரியாது, கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் அடிக்க வேண்டும். அதே அழுத்தம் கிளோசப்பில் மேக்கப் போட்டது போல நிற்கும். ஒரே பொருள் இரண்டிலும் வருகிறதென்றால் கிளோசப்புக்கு அடித்துவிட்டு, வைடு எடுக்கிற நேரத்தில் தண்ணீரில் கரைகிற போஸ்டர் கலரில் இருட்டைக் கூட்டிக்கொள்ளலாம். துடைத்தால் போய்விடும்.

அடுத்து வயது. ‘பீரியட் படம்’ என்றாலே எல்லாப் பொருளையும் பழுப்பாக்கித் துருப்பிடிக்க வைப்பது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. 1975ஆம் ஆண்டுக் கதையில் 1972இல் வாங்கிய டிரங்குப் பெட்டிக்கு மூன்று வயதுதான். அது பளபளவென்றுதான் இருந்திருக்கும், மூலையில் ஒரு நசுங்கல், பிடியில் கொஞ்சம் பெயிண்ட் உரிந்திருக்கும், அவ்வளவுதான். இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்கிற பெட்டி ஐம்பது வருடத் துருவோடு இருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய் வைத்தால் கதைக்குள் அது தாத்தா காலத்துப் பெட்டி ஆகிவிடும். எல்லைக்கல்லுக்கு வயது எழுபது இருக்கலாம். கடைப் போர்டுக்கு ஐந்து. அரிவாள் வருடா வருடம் பட்டறைக்குப் போய்த் தீட்டி வருவது. பத்திரம் அப்பா காலத்தது. இப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டால் எதில் எவ்வளவு அழுக்கு என்பது தானாகவே தெளிந்துவிடும்.

எல்லைக்கல்

வேலை அதிகம் பிடிப்பது இதுதான். 75 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால் நிஜக் கருங்கல் ஏறக்குறைய 65 கிலோ இருக்கும். நடிகரால் ராத்திரி முழுக்க அதைப் பிடுங்கி நடக்க முடியாது. ஆகவே தெர்மாகோல். 1 மீட்டருக்கு அரை மீட்டர் ஷீட், 50 மி.மீ. கனத்தில் இரண்டு வாங்கினால் போதும். ஒரு ஷீட்டில் 75க்கு 22 அளவில் இரண்டு பலகை வெட்டலாம், நமக்கு வேண்டியது மூன்று.

ஒட்டுவதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, செருப்பு ஒட்டுகிற மஞ்சள் பசையைப் போட்டால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகால்தான் போட வேண்டும். இரண்டு, ஃபெவிகால் காய அதிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். தெர்மாகோல் இரு பக்கமும் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் நடுவில் கொட்டித் தடவிய பசை மூன்று நாளானாலும் வெள்ளையாகவே கிடக்கும். மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் காற்றில் விட்டு, பிறகு அமுக்கி, மூங்கில் குச்சிகளைச் சாய்வாகக் குத்தி, மேலே கனம் வைத்து ஒரு நாள் முழுக்க விடவும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள். ஒட்டும்போதே நடுப்பலகையின் கீழ்ப்பாதியில் ஒரு குழி தோண்டி, 4 கிலோ மணல் கட்டிய பையை உள்ளே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கல் காற்றில் ஆடும், கீழே போட்டால் துள்ளும். கல் துள்ளினால் அந்த ஷாட் போச்சு. நடிகரின் கைத்தசை கொஞ்சமாவது இறுகுவதற்கும் அந்த 4 கிலோ உதவும். மீதி 60 கிலோவை அவர்தான் நடிக்க வேண்டும்.

செதுக்கலுக்கு ஆக்ஸா பிளேடும் கம்பி பிரஷ்ஷும் போதும். நேர்க்கோட்டு விளிம்பு எதுவும் மிஞ்சக்கூடாது. நம்மூர் எல்லைக்கற்கள் பாறையில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்தவை. பிளந்த பக்கத்து விளிம்பில் பாதிக் குழிகள் வரிசையாக நிற்கும். அந்த அரைக்குழிகளை 8, 10 செ.மீ. இடைவெளியில் ஒரே ஒரு விளிம்பில் மட்டும் போட்டுப் பாருங்கள். தெர்மாகோல் என்று தெரிந்தவர் கண்ணுக்கே அது கல்லாகிவிடும். நான்கு விளிம்பிலும் போட்டால் அலங்காரம் ஆகிவிடும். நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி வெட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.

அடுத்தது தோல். பலருக்கு பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மேல் ஆசை. பிஓபி விறைப்பானது, தெர்மாகோல் வளையக்கூடியது. லொக்கேஷனுக்கு ஆட்டோவில் போகும்போதே வெடிப்பு விட்டுவிடும். அதற்குப் பதிலாக ஒரு மீட்டர் காடா துணியை மூன்று விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, இரண்டு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டவும். குழிகளுக்குள் துணியை விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் செதுக்கிய வேலை துணிக்குப் பின்னால் மறைந்துபோகும். காய்ந்ததும் ஃபெவிகாலும் தண்ணீரும் சமபங்கு சேர்த்து, சாக் பவுடர் போட்டுத் தோசை மாவுப் பதத்தில் கலக்கி இரண்டு கோட் பூசவும். ஒரே கோட்டில் கனமாகப் பூசினால் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த எம்-சாண்ட் துகளைக் கையால் தூவுங்கள். கருங்கல்லின் சொரசொரப்பு அதில்தான் வருகிறது, பெயிண்டில் வராது. இந்த அளவு கல்லுக்கு மொத்தம் ஒரு கிலோ ஃபெவிகால், ஒரு கிலோ சாக் பவுடர் பிடிக்கும்.

இந்தத் தோல் இல்லாமல் நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவர் நிலை பரிதாபம்தான். டப்பாவிலுள்ள கரைப்பான் பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் உருகிக் குழிந்துவிடும். தோல் போட்ட பிறகும் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் அதன் வழியாக உள்ளே இறங்கும். கல்லுக்கு ஸ்ப்ரேயே வேண்டாம்.

நிறத்துக்கு அரை லிட்டர் வெள்ளை மேட் எமல்ஷன். அதில் கறுப்பு ஸ்டெய்னர் 10 முதல் 15 மி.லி., மஞ்சள் ஆக்ஸைடு ஸ்டெய்னர் 3 மி.லி. வெறும் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் படத்தில் சிமென்ட் நிறமாகத்தான் தெரியும், அந்த மஞ்சள்தான் அதைக் கல்லாக்குகிறது. இன்னும் இருட்டாக வேண்டுமென்றால் ஸ்டெய்னரை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும். கறுப்பு அக்ரிலிக்கைக் கலக்கவும். டிஸ்டெம்பர் மலிவு என்று வாங்கினால் ஈரக்கை பட்டதும் நடிகரின் வேட்டியில் ஏறிவிடும். கல்லின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். பல்லாவரத்துக் கல் நீலமும் பச்சையும் ஓடிய இருட்டுச் சாம்பல், புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்று பெயரிட்ட பாறை அதுதான். வேறு ஊரில் இளஞ்சிவப்பு ஓடும். படமெடுக்கும் வயலிலிருந்து கைப்பிடி அளவு ஒரு ஜல்லியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் கலக்குவதுதான் சரி. வெயிலில் நிற்கப்போகும் கல்லின் நிறத்தை அறைக்குள் எல்இடி வெளிச்சத்தில் கலக்காதீர்கள். வெளியே வந்ததும் பச்சையாகவோ ரோஸாகவோ திரும்பும்.

அடிநிறம் காய்ந்ததும் டூத் பிரஷ்ஷை நனைத்து விரலால் தெறிக்க விடவும். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை, கடைசியில் கொஞ்சம் பழுப்பு. புள்ளிகள் கடுகு அளவைத் தாண்டக்கூடாது. அதன் பிறகு கரைசல்: ஒரு பங்கு கறுப்பும் பழுப்பும் கலந்த பெயிண்ட், எட்டுப் பங்கு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், குழிக்குள் இறங்காது. மேலிருந்து ஓடவிட்டு, மேட்டில் இருப்பதைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுக்கவும். கடைசியாக, பிரஷ்ஷில் வெளிர் சாம்பலைத் தொட்டு, தாளில் தேய்த்து, கிட்டத்தட்ட காய்ந்த பிறகு விளிம்புகளில் மட்டும் வருடவும்.

பிடுங்கப்படும் கல் என்பதால் இதற்கு மூன்று பகுதி உண்டு. மண்ணுக்கு மேலே வெயிலில் வெளுத்தது. மண் மட்டத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மழை தெறித்த கறை. அதற்குக் கீழே புதைந்திருந்த பகுதி, இருட்டாக, ஈர மண் ஒட்டி, வெளுப்பே இல்லாமல். மாணவர் படங்களில் கல் தரையிலிருந்து வெளியே வரும்போது அடியும் முடியும் ஒரே நிறத்தில் இருக்கும். கீழ்ப்பகுதிக்குக் கடை மண் வேண்டாம், அந்த வயலின் மண்ணையே ஃபெவிகால் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். கரிசல் காட்டில் செம்மண் ஒட்டிய கல் வந்தால் ஊர்க்காரர் யாரும் மன்னிக்க மாட்டார்.

அரிவாள்

இதில் இரண்டு பிரதி கட்டாயம். கிளோசப்பில் பிடிக்க ஒன்று, ஓங்குகிற, வீசுகிற காட்சிக்கு ஒன்று. நிஜ அரிவாளைத் தீட்டாமல் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மொட்டை இரும்பும் எலும்பை உடைக்கும்.

கிளோசப்புக்கு 5.5 மி.மீ. எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஊரில் ஓர் அரிவாளைத் தாளில் வைத்து வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள், வளைவு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. எம்டிஎஃப் வெட்டிய ஓரம் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், நாராகத் தெரியும். ஓரத்துக்கு மட்டும் ஃபெவிகால் தண்ணீர் இரண்டு கோட், அதன் மேல் பட்டி, 220 நம்பர் உப்புத்தாள், பிறகு பிரைமர். வீசுகிற பிரதிக்கு ஈவா ஷீட், அதாவது ரப்பர் போல வளைகிற ஃபோம் ஷீட், 6 மி.மீ. கனத்தில் இரண்டை ஒட்டலாம். இங்கே செருப்புப் பசை சரி: இரு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு, ஒரே தடவையில் சரியாக வைத்து அமுக்க வேண்டும், நகர்த்த முடியாது. உள்ளே கம்பி, பிளேடு எதுவும் வைக்காதீர்கள். விளிம்பை உப்புத்தாளில் உருட்டிவிடவும். ஹீட் கன்னை மேலே ஓட்டினால் மேற்பரப்பின் துளைகள் மூடி லேசாகப் பளபளக்கும், அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாக மூன்று கோட். இதன் மேல் எனாமல் அடித்தால் முதல் வளைவிலேயே உரியும். அக்ரிலிக்கில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து அடித்தால் கூடவே வளையும்.

இரும்பு நிறத்துக்கு எல்லாரும் சில்வர் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறார்கள். முழுக்கச் சில்வர் அடித்த அரிவாள் மாறுவேடப் போட்டிக்குத்தான் ஆகும். பட்டறையிலிருந்து வந்த அரிவாளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உடம்பெல்லாம் உலைக்கறுப்பு, சுத்தியல் தட்டிய பள்ளங்கள், தீட்டிய விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். ஆகவே முழுக்க மேட் கறுப்பு அடித்து, 6பி பென்சிலைச் சீவிப் பொடியாக்கி, பஞ்சில் தொட்டு அழுத்தித் தேய்க்கவும். கறுப்பின் மேல் கிராஃபைட் ஏறினால் வருவது கிட்டத்தட்ட இரும்பேதான். தீட்டிய விளிம்புக்கு மட்டும் சில்வரை உலர்ந்த பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். கிராஃபைட் கையில் ஒட்டும் என்பதால் மேலே மேட் வார்னிஷ் ஒரு கோட் வேண்டும். அது கொஞ்சம் பளபளப்பைத் தின்னும், பரவாயில்லை. பிடி நிஜ மரமாகவே இருக்கட்டும். கை படுகிற இடம் எண்ணெய்ப் பிசுக்கேறி வழவழப்பாகவும், பூண் பக்கம் அழுக்கு அடைந்தும் இருக்கும். தேங்காயெண்ணெயில் கொஞ்சம் கரி கலந்து தேய்த்தால் வந்துவிடும். வீசுகிற பிரதிக்கு மட்டும் பிடியும் ஈவாதான்.

ஈவா அரிவாள் மோதினால் ‘டொப்’ என்றுதான் கேட்கும். நிஜ அரிவாளின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி சவுண்டு பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லொக்கேஷனுக்குப் பேருந்தில் கொண்டுபோகும்போது துணியில் சுற்றி, கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். பொது இடத்தில் அதை ஓங்குகிற காட்சி இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது எல்லாருக்கும் நல்லது.

மளிகைக் கடைப் போர்டு

புது ஜிஐ தகட்டை வாங்காதீர்கள். துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரண எனாமல் நிற்காது, சில வாரத்தில் தோலாக உரியும். காயலாங்கடையில் 15 கிலோ எண்ணெய் டின் கிடைக்கும். வெட்டி விரித்து, விளிம்பை மடக்கித் தட்டி, மரச்சட்டத்தில் ஆணி அடித்தால் அந்தக் காலப் போர்டின் நெளிவு தானாகவே வரும். சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, 120 நம்பர் உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். ஒரு நாள் இடைவெளியில் எனாமல் இரண்டு கோட். நூலில் சாக் பவுடர் தடவி இழுத்துச் சுண்டினால் எழுத்துக்கு நேர்க்கோடு கிடைக்கும்.

எழுத்தில்தான் நிறையப் படம் மாட்டிக்கொள்கிறது. ‘அண்ணாமலை மளிகை’ என்று எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1978இல். 1975 போர்டில் ‘ணா’ சுழித்துக் கொக்கி போட்டும், ‘லை’ மேலே தும்பிக்கை வைத்தும்தான் பெரும்பாலும் இருந்திருக்கும். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்து மாறும். கணினியில் தட்டி, பிரின்ட் எடுத்து, கார்பன் வைத்து வரைந்தால் புதிய வடிவம்தான் வரும். பழைய அழைப்பிதழையோ பத்திரிகையையோ பார்த்துக் கையால் வரைய வேண்டும். முகவரியில் பின்கோடு போடலாம், 1972 ஆகஸ்டில் வந்துவிட்டது. சிற்றூர்த் தொலைபேசி எண்ணுக்கு இரண்டு மூன்று இலக்கம் போதும். ரூபாய்க் குறியீடு 2010இல்தான் வந்தது, அதுவரை ‘ரூ.’தான். தெருவில் வண்டி நிற்கிறதென்றால் டிஎன் எழுத்தோடு மாவட்ட எண் வருகிற பலகையை மறைத்துவிடுங்கள், அந்த முறை 1989க்குப் பிந்தையது.

ஐந்து வயதுப் போர்டு என்று முடிவு செய்தோம். அப்படியென்றால் துரு ஆணித் தலையைச் சுற்றியும், தண்ணீர் தேங்குகிற கீழ் மடிப்பிலும், கீறல் விழுந்த இடத்திலும் மட்டும். நடுவில் திட்டுத் திட்டாகத் துரு வரைவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அங்கே துரு வர ஒரு காரணமும் இல்லை. சிவப்பு எழுத்து வெயிலில் முதலில் வெளுக்கும், கறுப்பு நிற்கும். சிவப்பில் ஆரம்பத்திலேயே கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளலாம். பெயிண்ட் உரிந்த இடம் காட்ட, பிரைமரின் மேல் அந்த இடத்தில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு எனாமல் அடியுங்கள். காய்ந்ததும் நகத்தால் சுரண்டினால் கூரான ஓரத்தோடு உரியும். பிரஷ்ஷால் வரைந்த உரிசல் ஒருநாளும் அப்படி வராது.

எனாமலின் பளபளப்பு லைட்டை அப்படியே திருப்பி அனுப்பும், எழுத்து வாசிக்க முடியாது. 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முழுப் போர்டையும் லேசாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் அழுக்குக் கரைசலும் ஒட்டும், இல்லாவிட்டால் வழிந்து ஓடிவிடும். கரைசல் அடிக்கும்போது போர்டை நிமிர்த்தி மாட்டி வையுங்கள். படுக்க வைத்து அடித்தால் கறை எல்லாப் பக்கமும் பரவும். மழைக்கறைக்குக் கீழ்நோக்கித்தான் ஓடத் தெரியும்.

பத்திரமும் பெட்டியும்

ஜெராக்ஸ் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது. டீயில் நனைத்தாலும் ஒருவித நீல வெள்ளை மிச்சம் நிற்கும். சென்னை ஆண்டர்சன் தெருவில் மேப்லித்தோ என்கிற அச்சுத்தாளைக் கேளுங்கள், 90 ஜிஎஸ்எம், நேச்சுரல் ஷேடு. அரை லிட்டர் தண்ணீரில் ஐந்து ஸ்பூன் டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, தட்டில் ஊற்றி, ஏற்கெனவே மடித்துப் பிரித்த தாளை மூன்று நிமிடம் மூழ்க விடவும். முதலில் மடித்துவிட்டால் சாயம் மடிப்பில் கூடுதலாக ஏறும், பழைய பத்திரத்தில் அழுக்கு சேர்வதும் அங்கேதான். நிழலில் தட்டையாகக் காயவைத்து, துணி போட்டு இஸ்திரி. எழுதுவது கடைசியில். இங்க் பேனாவில் எழுதிவிட்டு நனைத்தால் எழுத்து ஓடிவிடும், இங்க்ஜெட் பிரின்ட்டும் அப்படித்தான். விளிம்பை மெழுகுவர்த்தியில் கருக்குவது வேண்டவே வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை யாரும் நெருப்பில் காட்டி வைப்பதில்லை.

காட்சியில் பத்திரம் கிழிபடுகிறதென்றால் எத்தனை டேக் என்று இயக்குநரிடம் கேட்டு, அதற்கு மேல் இரண்டு பிரதி சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே டீயில், ஒரே நாளில் நனையுங்கள். மறுநாள் போட்ட டீ வேறு நிறம். நிஜ முத்திரைத்தாளை ஸ்கேன் செய்து அச்சடிக்காதீர்கள். அரசு முத்திரையைப் போலியாகச் செய்வது குற்றம். தலைப்புப் பகுதியை நீங்களே வேறு மாதிரியாக வரைந்து, கேமராவைக் கையெழுத்தின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். ரூபாய் நோட்டுக்கும் இதே எச்சரிக்கை, பாரதிய நியாய சன்ஹிதா 182ஆம் பிரிவு நோட்டைப் போன்ற தோற்றமுள்ள தாளைக் கூடத் தொடுகிறது. கட்டின் மேலேயும் கீழேயும் ஒரு நிஜ நோட்டு, நடுவில் வெற்றுத்தாள் என்பது பழைய வழி, இன்னும் நல்ல வழி.

டிரங்குப் பெட்டியைச் செய்யாதீர்கள், வாங்குங்கள் அல்லது வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுங்கள். வாடகைப் பொருளில் எனாமல் அடித்தால் முன்பணம் திரும்பாது. துருவை மறைக்க வேண்டிய இடத்தில் போஸ்டர் கலரில் கொஞ்சம் சோப்பு கலந்து அடித்து, வேலை முடிந்ததும் கழுவிவிடலாம். கீலில் நட்சத்திரத் தலைத் திருகு இருந்தால் ஒற்றைக்கோட்டுத் திருகாக மாற்றுங்கள், கிளோசப்பில் கண்ணில் படும்.

மானிட்டரில் பார்த்த பிறகு

இவ்வளவும் முடிந்ததும் பொருள் தயார் என்று நினைப்பது தவறு. ஒளிப்பதிவாளரை அழைத்து, படத்துக்கான அதே கேமரா, அதே லென்ஸ், காட்சியின் அதே தூரம், அதே மாதிரி லைட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். போன் கேமரா இதற்கு உதவாது. அது தானாகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்திக் காட்டும். சுத்த வெள்ளை படத்தில் விவரமே இல்லாமல் வெளிறிவிடும், சுத்தக் கறுப்பிலும் விவரம் தெரியாது. தாள், வேட்டி, சுண்ணாம்புச் சுவர் எதையும் கடைவெள்ளையாக விடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். வேட்டியைக்கூட லைட் டீயில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். அடர்ந்த சிவப்பு டிஜிட்டலில் தட்டையாகிவிடும், அதில் துளி பழுப்பு கலந்து அடக்குங்கள். நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் போட்ட துணியோ தாளோ மானிட்டரில் அலை அலையாக நெளியும். அதற்கு மருந்து கிடையாது, பொருளையே மாற்ற வேண்டும்.

கல்லைத் தவிர வேறு எதிலாவது பளபளப்பு மிஞ்சினால் கடையில் மேட் ஸ்ப்ரே வார்னிஷ் கிடைக்கிறது. 25 செ.மீ. தள்ளி நின்று மெல்லிசாக இரண்டு தடவை. சென்னையில் மழை நாளிலும் விடியற்காலை ஈரத்திலும் இதை அடித்தால் மேலே பால் படர்ந்தது போல வெளுத்துவிடும். நிழலான, காய்ந்த மத்தியானத்துக்கு அந்த வேலையை ஒதுக்குங்கள். ஷூட்டிங்கில் அவசரத்துக்குக் கொஞ்சம் முகப்பவுடரை பிரஷ்ஷில் தொட்டுத் தட்டினால் அந்த டேக்குக்குப் போதும்.

லொக்கேஷனுக்குப் போகும் பையில் இருக்க வேண்டியவை: அடிநிறம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டப்பா, அழுக்குக் கரைசல் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில், பென்சில் பொடி, ஃபெவி க்விக், பனியன் வேஸ்ட், இரண்டு பழைய பிரஷ், டூத் பிரஷ், உப்புத்தாள் துண்டு. கல்லுக்கு மட்டும் அந்த வயல் மண் ஒரு கவரில். பெயிண்டைக் கடைசி நாளில் கலந்தால் அதே நிறம் மறுபடி வராது, முதல் நாளே மிச்சத்தை மூடி வைத்துப் பெயரெழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் பொருளை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல் எந்தப் பக்கம் பார்த்து விழுந்தது, பத்திரம் எங்கே கிழிந்தது, அரிவாளில் ரத்தம் எதுவரை. அடுத்த காட்சியைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள், அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஷூட்டிங் முடிந்த அன்றே கல்லை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. எடிட்டிங்கில் விடுபட்டதை நிரப்ப ஒரு பேட்ச் ஷாட் தேவைப்பட்டால் மறுபடியும் மூன்று நாள் வேலை. படம் லாக் ஆகிவிட்டது, இனி வெட்டு ஒட்டு இல்லை என்று எடிட்டர் சொல்லும்வரை கல்லும் அரிவாளும் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கட்டும். வாடகைப் பெட்டியைத் திருப்பும் முன் அதன் மூடி, கீல், உட்புறம் மூன்றையும் கிளோசப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.